முந்திரிப் பாக்கெட்டில் என்ன எழுதலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, தோல் உரித்து, இதுவரை மொத்த வியாபாரிக்கே கொடுத்து வந்திருக்கிறீர்கள். இனி சொந்தப் பெயரில் கால் கிலோ பாக்கெட் போட்டு, கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைகளில் வைக்க ஆசை. கடை அலமாரியைப் பார்த்தால் ‘ஒரிஜினல் பண்ருட்டி’, ‘100% இயற்கை’, ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று எல்லாப் பாக்கெட்டும் ஒரே குரலில் கூவுகின்றன. நாங்கள் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினால் விற்குமா, பிராண்ட் ஆவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் காதில் விழுந்தது அதற்கு அடியில் இருக்கும் கேள்வி: எந்தப் பொய் வரைக்கும் பரவாயில்லை? குற்றமாகச் சொல்லவில்லை. என் கடைப்படி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இதையே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தேன். இருபத்தாறு வருஷத்தில் லேபிளும் கவருமே பிழைப்பாகிவிட்டன. ஊறுகாய், அப்பளம், செக்கு எண்ணெய், சாம்பிராணி, முந்திரி என எதன் வாசகமும் முதலில் என் மேசையில் உட்கார்ந்துதான் எழுதப்படுகிறது. ‘இன்னும் ஏதாவது பலமாகப் போடுங்கள் சார்’ என்று எதிரே இருப்பவர் சொல்லும்போது எது எங்கிருந்து முளைக்கிறது என்பதை நேரில் பார்க்கிறவன் நான். ஆனால் நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சட்டம் தெரிந்தது லேபிள் அடிக்கும் அளவுக்குத்தான். கடை வியாபாரத்துக்கு வெளியே, கைபேசியில் விளம்பரம் கொடுப்பது போன்றவற்றுக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகமே இல்லாதவற்றை முதலில் முடித்துவிடலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அவர்கள் தரும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி பொருளின் பெயர், பாக்கெட் போட்டவரின் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, பாக்கெட் போட்ட மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இவையெல்லாம் இருந்தாக வேண்டும். ஒரு கிராம் என்ன விலை என்பதையும் எழுத வேண்டும் என்ற விதி பிறகு வந்தது. என் வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் அதை மறக்கிறார்கள். இதோடு தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட்டில் வண்டு வந்தால், அன்றைக்குப் போட்ட நாற்பது பாக்கெட்டை மட்டும் திரும்ப எடுக்கலாம். அந்த எண் இல்லையென்றால் கடை கடையாக ஏறி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

நிகர எடை என்றால் கவர் இல்லாத எடை. இது தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். நாலு பாக்கெட்டைச் சேர்த்துத் தராசில் வைத்து, ஒரு கிலோ காட்டுகிறது என்று திருப்தியோடு இறக்கி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிப் வைத்த பவுச் ஒன்று எட்டுப் பத்து கிராம் இருக்கும். நாலு பவுச்சில் முப்பது நாற்பது கிராம் பருப்பு போயிற்று. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் வாங்கியவர் ஏமாந்துவிட்டார். காலி பவுச்சை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிரப்புங்கள். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் ஊரில் அது தொழிலாளர் துறையின் வேலை.

இனி அடைமொழிகளுக்கு வருகிறேன். உணவு விளம்பரங்களுக்கும் லேபிள் வாசகங்களுக்கும் 2018-ல் தனி ஒழுங்குமுறை வந்தது. கடைத்தெருவில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. ‘சுத்தமானது’ என்று சொல்ல வேண்டுமானால் அது ஒரே பொருளாக இருக்க வேண்டும், அதோடு வேறெதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. ‘பாரம்பரிய’ என்று சொல்ல அந்தச் செய்முறை குறைந்தது 30 ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்ற சொல்லே கூடாது. ஆகவே நீங்கள் அலமாரியில் பார்த்த ‘வீட்டுத் தயாரிப்பு’, போட்டவருக்கே வம்பு. தமிழில் ‘சுத்தமான’ என்று எழுதுவதை ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகவே எடுத்துக்கொள்வார்களா என்பது பார்க்கும் அதிகாரியைப் பொறுத்து மாறலாம். அந்தச் சந்தில் புகுந்து தப்பிக்கலாம் என்று நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

பொய்யே இல்லாமல் ஏமாற்றவும் ஒரு வழி இருக்கிறது. ‘கொலஸ்ட்ரால் அற்ற முந்திரி’ என்று போடச் சொல்லிப் பலர் வருகிறார்கள். எந்தத் தாவர உணவிலும் பேர் சொல்லும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. அந்த வாசகம் செய்வதெல்லாம் பக்கத்துப் பாக்கெட்டில் ஏதோ இருப்பதுபோலத் தோன்ற வைப்பதுதான். போதாததற்கு, நூறு கிராமில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) ஒன்றரை கிராமுக்கு மேல் இருக்கும் உணவில் அதைப் போடவும் கூடாது. முந்திரியில் அந்தக் கொழுப்பு அதைப் போலப் பல மடங்கு.

இதோடு பாட்டி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சேலை, மூக்குத்தி, மடியில் முறம். இணையத்தில் யாரோ எடுத்துப் போட்ட படம். அந்தப் பாட்டியை ஓர் ஊறுகாய், ஒரு கூந்தல் தைலம், இரண்டு சத்துமாவு ஆக நாலு லேபிளில் நானே அச்சடித்திருக்கிறேன். நாலும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரே கடையில் அடுத்தடுத்து நின்றதைப் பார்த்த அன்று எனக்கே கூச்சமாகப் போயிற்று. உங்கள் அம்மா சம்மதித்தால் அவர் படத்தைப் போடுங்கள். இல்லையென்றால் படமே வேண்டாம். உள்ளே இருக்கும் பருப்பு தெரியும்படி பவுச்சில் ஒரு சன்னல் விடுங்கள்.

கூச்சத்தைவிடப் பெரிய அடி ஒன்றும் எனக்கு விழுந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஊறுகாய் போடும் ஒருவருக்கு ‘1952 முதல்’ என்று எழுதும்படி யோசனை சொன்னதே நான்தான். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ஊறுகாய் விற்றது நிஜம். நடுவில் முப்பது வருஷம் அந்தக் குடும்பத்தில் யாரும் ஊறுகாய் ஜாடியைத் தொடவில்லை என்பதும் நிஜம். ஒரு நாள் அவர் கடைக்கு வந்த முதியவர் பாட்டிலைக் கையில் எடுத்து, ‘உன் தாத்தா கடையை மூடிவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதப் போனாரே, அந்த வருஷங்களும் இதில் சேர்த்தியா?’ என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். வாடிக்கையாளர் என்மேல் கோபப்படவில்லை. மீதி லேபிளை மட்டும் கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ‘முதல்’ என்ற சொல்லை யார் கேட்டாலும் அன்றிலிருந்து நான் எப்போது தொடங்கியது, நடுவில் நின்றதா என்று இரண்டு கேள்வி கேட்கிறேன்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் ‘பண்ருட்டி’ என்ற சொல்லில் இருக்கிறது. நீங்கள் அறியாததல்ல, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பண்ருட்டி வட்டாரத்தில் உடைபடும் கொட்டை எல்லாம் அங்கே விளைந்ததில்லை. ஐவரி கோஸ்ட், பெனின், டான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டைதான் ஆலைகளை வருஷம் முழுக்க ஓட்டுகிறது. நம் ஊர் விளைச்சல் பங்குனியில் தொடங்கி வைகாசியோடு ஓய்ந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது சாய்ந்த முந்திரித் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு, வெளிநாட்டுக் கொட்டையை நம்பியிருப்பது ஏன் கூடியது என்று விளக்க வேண்டியதில்லை. இப்போது பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அந்தப் பெயரையும் முத்திரையையும் உரிமையோடு போட, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் கொட்டையை உடைத்துப் போட்டுவிட்டு ‘ஒரிஜினல் பண்ருட்டி முந்திரி’ என்று எழுதுவது பக்கத்துக்காரர் செய்கிறார் என்பதற்காகச் சரியாகிவிடாது. ‘பண்ருட்டியில் உடைத்துத் தரம் பிரித்தது’ என்றால் அது உண்மை. அதில் உங்கள் கைவேலையும் சொல்லப்பட்டுவிடுகிறது.

ருசியில் வித்தியாசம் உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாட்டுக் கொட்டைக்கு ஈடில்லை என்று பண்ருட்டியில் பத்துக்கு ஒன்பது பேர் சத்தியம் செய்வார்கள். என் மேசையில் ஒருமுறை இரண்டு கிண்ணத்தில் பெயர் எழுதாமல் வைத்து நாலு பேர் தின்று பார்த்தோம். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள், இரண்டு பேர் தவறாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். எனவே ‘ருசியில் சிறந்தது’ என்பதை லேபிளில் போட என் கை வராது. புதிதா பழையதா, காறல் வாடை அடிக்கிறதா, நமுத்திருக்கிறதா என்பதுதான் தின்பவருக்கு உடனே தெரிகிற வித்தியாசம். கடலோர ஈரக்காற்றில் கவர் சரியில்லையென்றால் எந்த நாட்டுக் கொட்டையும் நமுத்துத்தான் போகும். அழகான படத்துக்குச் செலவழிக்கும் காசை நல்ல கவருக்குப் போடுங்கள் என்று அச்சடிக்கிறவனே சொல்கிறேன்.

சரி, பெருமையாகச் சொல்ல என்னதான் மிச்சம்? எண்ணிப் பார்க்கக் கூடியது ஒன்று இருக்கிறது. முந்திரியின் முழுப் பருப்பை 180, 210, 240, 320 என்று தரம் பிரிக்கிறீர்கள். அது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை பருப்பு என்ற கணக்கு. எண் கூடினால் பருப்பு சிறிது, விலையும் குறைவு. வியாபாரிகளுக்கு இது மனப்பாடம்; வாங்கித் தின்பவருக்குச் சொல்வாரே இல்லை. போன வருஷம் ஒருவர் கவர் அடிக்க வந்தபோது, சந்தையில் ஓடும் ஒரு பாக்கெட்டை மாதிரிக்குக் கொண்டுவந்தார். முன்னால் ‘240 தரம்’ என்று பொன்னெழுத்து. பிரித்து, தபால் தராசில் நூறு கிராம் நிறுத்து, செய்தித்தாளில் கொட்டி எண்ணினோம். 240 தரம் என்றால் நூறு கிராமுக்கு 49-லிருந்து 53 வரை இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 62. அந்தக் குவியலைக் கையால் பரப்பினால் மேலே பெரியது, ஊடே சிறியது, இரண்டு பாதி உடைசல். 320 தரத்தை (நூறு கிராமுக்கு 66 முதல் 71) அதோடு கலந்திருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். வந்தவர் பேசாமல் இரண்டு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, ‘அப்படியானால் நான் எண்ணிக்கையையே எழுதிவிடுகிறேன்’ என்றார். ‘நூறு கிராமில் 49 முதல் 53 முழுப் பருப்பு. எண்ணிப் பாருங்கள்’ என்று அடித்துக் கொடுத்தேன். நான் அடித்த வாசகங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது. எதிர் அலமாரிக்காரர் ‘100% இயற்கை’யை நாளைக்கே காப்பியடிக்கலாம்; இதைக் காப்பியடிக்க வேண்டுமென்றால் பருப்பைச் சரியாகப் போட்டாக வேண்டும்.

உண்மையை எழுதியதால் அவருக்கு விற்பனை கூடியதா? கூடியது என்று அவர் சொல்கிறார். விலையையும் அதே சமயத்தில் பத்து ரூபாய் குறைத்திருந்தார், ஆகையால் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு வாடிக்கையாளர், உங்களைப் போலவே அம்மாவோடு சேர்ந்து தொழில் செய்யும் பெண், இரண்டு ஸ்டிக்கர் அடித்தார். சீசனில் ‘எங்கள் ஊர்த் தோப்புக் கொட்டை’, மற்ற மாதங்களில் ‘மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை, பண்ருட்டியில் கையால் உடைத்தது’. புதுச்சேரியில் ஒரு கடைக்காரர், ஆப்பிரிக்கா என்று எழுதினால் யார் வாங்குவார்கள் என்று பெட்டியைத் திருப்பிவிட்டார். லாஸ்பேட்டையில் ஒரு கடையில் அந்த வரியே பேச்சுக்கு இடம் கொடுத்தது. ‘இது என்ன புதிதாக இருக்கிறது’ என்று கேட்டவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர்க் கொட்டைக்கு அவர் இப்போது நாற்பது ரூபாய் கூடுதலாக வைக்கிறார், அது ஆனி மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதே தொழிலில் பொய்யாக எழுதி மாடி கட்டியவர்களையும், நேர்மையாக இருந்து ஷட்டரை இழுத்து மூடியவர்களையும் எனக்குத் தெரியும். உண்மை ஜெயிக்கும் என்று உங்களுக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் முத்திரைத்தாள் இல்லை.

ஆனால் எங்கே விற்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பரிசுப்பொருள் கடையில் வாங்குகிறவர் அன்று இரவே பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுவார். அவரை ஏமாற்றினாலும் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. அதனால்தான் அங்கே பொய் அடர்த்தியாக முளைக்கிறது, அங்கே உண்மைக்குக் கிடைக்கும் கூலியும் குறைவு. முத்தியால்பேட்டையில் மாசாமாசம் மளிகை வாங்கும் வீட்டுக்கு உங்கள் பாக்கெட் போனால், அந்த வீட்டார் பாயசம் வைக்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு பரீட்சை. நேர்மையை முதலாகப் போடுகிறவர்கள் அந்த மாதிரிக் கடைகளில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். கடைக்காரரின் பங்காக நூற்றுக்கு இருபது முப்பது ரூபாயை ஒதுக்கிவிட்டு விலை போடுங்கள். கட்டுப்படி ஆகவில்லையென்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதிகபட்ச விலையை வேண்டுமென்றே ஏற்றி எழுதி, அதை அடித்துவிட்டு ‘சலுகை’ என்று காட்டும் வேலையை அந்த வீட்டுக்காரர்கள் இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தக்காரர்களை விட்டு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் அதே வகை.

புதுச்சேரி என்றதும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து முள்ளோடை எல்லை கூப்பிடு தூரம்தான். மாமியார் வீடு அந்தப் பக்கம், தாய் வீடு இந்தப் பக்கம் என்று வாழ்கிறோம். ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலம். வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால், வருஷ விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். முந்திரிப் பருப்புக்கு வரி உண்டு. தொகுப்பு வரித் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் வழி) சேர்ந்துகொண்டு எல்லை தாண்டி விற்கவும் முடியாது. புதுச்சேரிக்காரர் உங்கள் கடைக்கே வந்து கையில் வாங்கிப் போவது வேறு. நீங்கள் அங்கே பெட்டி இறக்குவது வேறு. முதல் பெட்டி கிளம்பும் முன் ஆடிட்டரை ஒரு தடவை பாருங்கள். வேண்டுமானால் முதல் ஆறு மாதம் கடலூர், நெல்லிக்குப்பம் கடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர் பற்றிச் சுருக்கமாக. ‘பண்ருட்டி முந்திரி’, ‘நல்ல முந்திரி’ போன்றவை பொருளையோ ஊரையோ வர்ணிக்கிற சொற்கள். வணிகக்குறியாகப் பதிய அவை ஏற்றவை அல்ல. உங்கள் வீட்டுப் பெயர், கெடிலம் போல ஓர் ஆற்றின் பெயர், அம்மா உங்களைக் கூப்பிடும் செல்லப்பெயர் எதுவானாலும் பருப்போடு சம்பந்தமில்லாத பெயராக இருந்தால் நல்லது. சிறு தொழிலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு பொருள் பிரிவுக்கு 4,500 ரூபாய். வறுத்த, பதப்படுத்திய பருப்பு 29-ம் பிரிவில் வரும். கிடைத்தால் பத்து வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதுவும் லேபிளில் எழுதும் ஒரு பொய்தான், அதற்குத் தனியாகத் தண்டனையும் இருக்கிறது.

நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் எழுதித் தருவேன். மேலே பெயர். அதன் கீழே ‘முந்திரிப் பருப்பு, முழுப் பருப்பு, 240 தரம், நூறு கிராமில் 49 முதல் 53’. அடுத்த வரியில் கொட்டை எங்கிருந்து வந்தது, எங்கே உடைத்தது. அதற்கும் கீழே ‘நமுத்திருந்தால் கூப்பிடுங்கள், மாற்றித் தருகிறோம்’ என்று அம்மாவின் கைபேசி எண். மீதி எல்லாம் சட்டம் கேட்பவை. முதல் தடவை 500 ஸ்டிக்கருக்கு மேல் வேண்டாம். கொட்டை வரும் இடம் மாறினால் ஸ்டிக்கரும் மாற வேண்டும். ஐயாயிரம் அடித்தால் ஒன்றுக்கு இருபது பைசா குறையும் என்று அச்சகக்காரர் சொல்வார். நானும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன், ஆனாலும் 500 போதும்.